பாராடாங் தீவின் இருவகை ஆடலிசை: தாளப்பலகையும் மாந்தர் முழவும் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

தமிழில் ஆடலிசை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிலப்பதிகார அரங்கேற்று காதையிலிருந்தும் அதற்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையிலிருந்தும் தொடங்குகின்றன. அக்காதை காட்டும் அரங்கில் ஆடுபவள் வேறு, பாடுவோன் வேறு, குழல், யாழ், தண்ணுமை ஆகியவற்றை இயக்குவோர் வேறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனி இலக்கணம் கூறப்படுகிறது. கற்றுத் தேர்ந்தோர் நிகழ்த்தும் கலைக்கு இப்பகுப்பு முற்றிலும் பொருந்துவதாகும். ஆயின், ஊர்ப் பொதுவிடத்தில் எல்லோரும் கூடி ஆடும் மக்கள் ஆடலுக்கும் இதே பகுப்பைக் கொண்டு அளவிட முற்படும்போது இடர்ப்பாடு தோன்றுகிறது. அங்கே ஆடுபவரே கருவியாகவும், பாடுபவரே தாளமாகவும் இருத்தல் கூடும்.

இவ்விடர்ப்பாட்டைத் தெளிவாக ஆராய்வதற்கு ஏற்ற களமாக அந்தமான் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த பாராடாங் தீவு விளங்குகிறது. ஒரே நிலப்பரப்பில் இரு வேறு மக்களின் ஆடலிசை மரபுகள் அங்கு அடுத்தடுத்து வழங்கியுள்ளன. ஒன்று, தீவின் பழங்குடியினரான பேரந்தமானியருடையது. காலால் மிதித்து ஒலிக்கும் மரப்பலகையைக் கருவியாகக் கொண்டது. மற்றொன்று, சோட்டா நாகபுரி மேட்டுநிலத்திலிருந்து தொழிலாளராகக் கொண்டுவரப்பட்ட ‘ராஞ்சி’ மக்களுடையது. மாந்தர், நகரா என்னும் தோற்கருவிகளைக் கொண்டது. இவ்விரு மரபுகளையும் கருவி, தாளம், பாடல் உரிமை ஆகிய மூன்று நிலைகளில் ஒப்பிட்டு, அவற்றின் வேறுபாடு எதனால் அமைகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தீவும் மக்களும்

பாராடாங், தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்த தீவாகும். சேற்று எரிமலைகளும் சுண்ணாம்புக் குகைகளும் இன்று இதனைச் சுற்றுலாப் பயணிகளிடையே அறியச் செய்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தீவு, பேரந்தமானியர் என்று தொகுத்துக் கூறப்படும் பத்துக் குழுக்களுள் ஒன்றான பூச்சிக்வார் மக்களின் வாழிடமாக இருந்தது. இ.எச்.மேன் இவர்களைப் போஜிகியாப் என்ற பெயரால் குறிப்பிடுகிறார்.

1858இல் ஆங்கில அரசு போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கைதிகளுக்கான குடியேற்றத்தை நிறுவிய பின்னர் வெளியுலக நோய்கள் இம்மக்களிடையே பரவின. 1877இல் பரவிய தட்டம்மை பேரழிவை உண்டாக்கியது. பேரந்தமானியக் குழுக்கள் அனைத்தையும் சேர்த்து 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேரே இருந்தனர். அவ்வெண்ணிக்கை 1921இல் 209ஆகவும், 1931இல் 90ஆகவும், 1961இல் 19ஆகவும் சுருங்கியது. எஞ்சியோர் பின்னர் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டனர்.

பழங்குடியினர் அருகிவந்த இதே காலத்தில்தான் இரண்டாம் மரபினர் தீவுகளுக்கு வந்தனர். காடு வெட்டும் பணிக்கு ஆள் வேண்டி, 1918இல் ராஞ்சியில் இயங்கிய கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்பின் வழியாக அரசு ஆள் திரட்டத் தொடங்கியது. ஒராவோன், முண்டா, கரியா ஆகிய பழங்குடிகளைச் சேர்ந்த இவர்கள், புறப்பட்ட இடத்தின் பெயரால் ‘ராஞ்சி’ என்றே தீவுகளில் அழைக்கப்படலாயினர். மரம் வெட்டுதல், பாதை அமைத்தல், துறை கட்டுதல் ஆகியன இவர்தம் உழைப்பால் நிகழ்ந்தன. பாராடாங் இவர்கள் மிகுதியாக வாழும் தீவுகளுள் ஒன்றாயிற்று.

தமிழாய்வாளர் இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஒராவோன் மக்களின் தாய்மொழியான குடுக், வட திராவிட மொழியாகும். கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் இதனைத் திராவிட மொழிகளுள் ஒன்றாக எண்ணியுள்ளார். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். குடுக் பேசுவோர் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர். திராவிட மொழிக் குடும்பத்தின் தென்முனையும் வடமுனையும் ஒரே தீவுக்கூட்டத்தில் சந்திக்கின்றன என்பது இதனால் விளங்கும்.

தாளப்பலகை ஆடல்

பேரந்தமானியர் ஆடலிசையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகள் மூவர் எழுத்துகளில் உள்ளன. மேன் 1880களில் வெளியிட்ட இனவரைவு, எம்.வி.போர்ட்மன் 1888இல் அந்தமானியர் இசை பற்றி எழுதிய கட்டுரை, ராட்கிளிஃப்-பிரவுன் 1906 முதல் 1908 வரை களப்பணி செய்து 1922இல் வெளியிட்ட ‘அந்தமான் தீவினர்’ என்னும் நூல் ஆகியன அவை. இவற்றின் செய்திகள் பேரந்தமானியக் குழுக்களுக்குப் பொதுவாகத் தரப்பட்டவையாகும்.

இவ்வாடலின் ஒரே கருவி ஏறத்தாழ ஐந்தடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட மரப்பலகை. மேன் இதனைப் ‘புக்குதா’ என்ற சொல்லால் குறிக்கிறார். படாக்கு என வழங்கும் செம்மரத்தின் அடிமரத்தைக் குடைந்து, ஒருமுனை கூராகவும் மறுமுனை அகன்றும் இருக்கச் செய்வர். கேடயம் போன்ற இதன் வடிவத்தைக் கண்டு இதனைப் போர்க்கருவி என்று பிறழ உணர்ந்தோரும் உண்டு. குழிந்த பக்கம் தரையை நோக்க, கூர்முனை மண்ணில் பதிய இதனை வைத்து, ஒரு காலால் அழுத்திக்கொண்டு மறு காலால் உதைத்து ஒலியெழுப்புவர். பலகைக்கும் தரைக்கும் இடையே அமையும் வெற்றிடமே ஒலியைப் பெருக்கும் அறையாகிறது.

பலகையை மிதிப்பவரே பாடலைப் பாடுபவர். அப்பாடலை இயற்றியவரும் அவரே. ஒருபுறம் பெண்கள் கால்களை நீட்டி வரிசையாக அமர்ந்து, தொடைகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தில் உள்ளங்கையால் அறைந்து தாளமிட்டுப் பல்லவியை ஏற்றுப் பாடுவர். ஆடவர் நடுவில் ஆடுவர். முதுகை வளைத்து, ஒரு காலை ஊன்றி, மறு காலை மாற்றிப் பின் மீண்டும் முதற்காலை ஊன்றும் மூன்று அசைவுகள் தாளத்தின் இரண்டு அடிகளுக்குள் அடங்குகின்றன. அக்கால் களைத்தபின் மறு காலுக்கு முதன்மை மாறுகிறது. பாட்டோ மிகச் சில சுரங்களுக்குள் இயங்குவது. பாடலின் சொற்களும் யாப்பின் தேவைக்கேற்பத் திரிந்து வரும். செய்யுளில் விகாரம் பெறும் சொற்களை அறிந்த தமிழ் இலக்கண மாணவருக்கு இது புதுமையன்று.

மாந்தர், நகரா ஆடல்

சோட்டா நாகபுரி மக்களின் ஆடலுக்கு உயிராக விளங்குவது மாந்தர் முழவு. (தமிழில் மக்களைக் குறிக்கும் ‘மாந்தர்’ என்ற சொல்லோடு இதற்கு ஒலியொப்புமை மட்டுமே உண்டு.) சுட்ட களிமண்ணால் ஆன நீண்ட உடலும், தோல் போர்த்த இரு முகங்களும் உடையது இம்முழவு. இடமுகம் அகன்று தாழ்ந்த ஒலியையும், வலமுகம் குறுகி உயர்ந்த ஒலியையும் தரும். கழுத்திலிருந்து வாரால் தொங்கவிட்டு இரு கைகளாலும் முழக்குவர். தமிழ்நாட்டு மத்தளத்தைக் கண்டவருக்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். இதனுடன் சேரும் நகரா, அரைக்கோள வடிவான பெரிய ஒருமுக முரசாகும். இதனை இரு கோல்களால் அறைவர்.

ஆடலிடம் ‘அக்ரா’ எனப்படும். ஊரின் பொதுக்களமாகிய இதனைத் தமிழிலக்கியம் கூறும் மன்றத்தோடு ஒப்பிடலாம். பெண்கள் கைகோத்தும் இடைபற்றியும் ஒரே வரிசையாக நின்று, அடியெடுத்து வைத்து வளைந்து நகர்வர். மாந்தர் முழக்குவோர் அவ்வரிசையின் எதிரே நின்று, முழக்கியவாறே குனிந்தும் துள்ளியும் ஆடுவர். பாடல் ஓர் அணியிடமிருந்து மற்றோர் அணிக்கு மாறி மாறிச் செல்லும். இளவேனிலில் சால் மரம் பூக்கும்போது நிகழும் சர்ஹுல், பாதோ மாதத்தில் கரம் மரக்கிளையைக் களத்தில் நட்டு நிகழ்த்தும் கர்மா ஆகிய விழாக்களுக்கு உரிய பாடல்களும் முழக்குகளும் வெவ்வேறானவை. ஜூமர் என்னும் ஆடல் வகை இவர்களிடையே பரவலாக வழங்குகிறது. நடையே ஆடல், பேச்சே பாடல் என்பது முண்டாரி மொழிப் பழமொழி.

இம்மக்களின் மொழிகள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவையல்ல. குடுக் திராவிட மொழி. முண்டாரியும் கரியாவும் ஆஸ்திரோ-ஆசிய மொழிகள். இவர்கள் தம்முள் பொதுவாகப் பேசும் சாத்ரி இந்தோ-ஆரிய மொழி. மும்மொழிக் குடும்பத்தாருக்கும் முழவு ஒன்றே, களம் ஒன்றே, கைகோக்கும் முறையும் ஏறத்தாழ ஒன்றே. எனவே, மொழியுறவைக் கொண்டு ஆடலுறவை முடிவுகட்டுதல் பொருந்தாது. ஒராவோன் ஆடலில் குரவையின் சாயலைக் கண்டு, அதனைத் திராவிடத் தொன்மையின் எச்சம் என உடனே கூறிவிட இயலாமைக்கு இதுவே காரணம். அதே ஆடலை முண்டா மக்களும் ஆடுகின்றனர்.

கருவிப் பகுப்பில் எழும் வினா

தமிழிசை மரபு கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் எனப் பகுத்து, மனிதக் குரலை மிடற்றுக்கருவி என்று சேர்த்துக்கொள்ளும். மாந்தரும் நகராவும் தோற்கருவி என்ற வகையில் ஐயமின்றி அடங்குகின்றன. தாளப்பலகை இவற்றுள் எதிலும் அடங்கவில்லை. அது தோலற்றது, துளையற்றது, நரம்பற்றது, உலோகமும் அன்று. ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் 1914இல் வகுத்த பகுப்பின்படி, தன் உடலே அதிர்ந்து ஒலிக்கும் கருவியாக இதனைக் கொள்ளலாம். கஞ்சக்கருவியும் அவ்வகையினதே. ஆயின், தமிழ்ப் பகுப்பு பொருளை (தோல், நரம்பு, வெண்கலம்) அடிப்படையாகக் கொள்ளும்போது, மேலைப் பகுப்பு அதிரும் முறையை அடிப்படையாகக் கொள்கிறது. மரத்தாலான தாளக்கருவிகளை வகைப்படுத்தும்போது இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

எனினும், இவ்விரண்டு பகுப்புகளும் காணத் தவறுவது ஒன்றுண்டு. கருவி எதனால் ஆனது, எவ்வாறு அதிர்கிறது என்று கேட்கும் அவை, அதனை இயக்கும் உடலுறுப்பு எது, அவ்வுறுப்பு ஆடலில் பங்கு கொள்கிறதா என்று கேட்பதில்லை. மக்கள் ஆடலிசையில் இவ்வினாவே முதன்மையானது.

தாளத்தின் இருப்பிடம்

தாளப்பலகை மரபில் தாளம் காலில் தங்குகிறது. ஆடுவோர் தரையை மிதிக்கும் அதே செயலைப் பாடகர் பலகையின்மீது நிகழ்த்துகிறார். பலகை அவ்வடியோசையைப் பெருக்குகிறது. பெண்களின் தொடைத்தாளமும் உடலிலிருந்தே எழுகிறது. ஆக, இங்கு ஆடலுக்கு வெளியே நின்று அதனை இயக்கும் கருவி என ஒன்றில்லை. ஆடலின் ஓர் அசைவே ஒலியாக உரத்துக் கேட்கிறது. இதனால் தாளம் சீரான அடிகளாகவே அமைகிறது. மிதிக்கும் கால் நுண்ணிய சொற்கட்டுகளை விரைந்து எழுப்புதல் அரிது.

மாந்தர் மரபில் தாளம் கையில் தங்குகிறது. முழவு கழுத்தில் தொங்குவதால் கைகள் முழக்கவும் கால்கள் ஆடவும் இயலும். இரு முகங்களின் தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் பின்னிச் சொற்கட்டுகளை உருவாக்குகின்றன. விழாவுக்கு விழா முழக்கை வேறுபடுத்த முடிவதும் இதனாலேயே. முழக்கைக் கேட்ட அளவிலேயே எந்த ஆடல் எனக் களத்தினர் அறிவர். இங்குக் கருவி ஆடலிலிருந்து பாதி பிரிந்துள்ளது. முழவோர் ஆடுவோராகவும் உள்ளனர். வரிசையில் உள்ள பெண்களோ தாளக்கருவி ஏதுமின்றிக் கைகோத்து ஆடுகின்றனர்.

இவ்வேறுபாட்டை ஒன்று முதிராநிலை, மற்றொன்று வளர்நிலை எனக் கொள்வது பிழையாகும். தமிழிலக்கியமே இதற்குச் சான்று தரும். குறுந்தொகையும் பதிற்றுப்பத்தும் கூறும் துணங்கை, முடக்கிய இரு கைகளால் விலாவில் அடித்து ஆடப்படுவது என உரைகள் விளக்குகின்றன. அங்கு உடலே தாளக்கருவி. ஆய்ச்சியர் குரவையிலோ எழுவர் மகளிர் ஏழு சுரங்களின் பெயர் பெற்று, நண்டுவடிவக் கையால் கோத்து நிற்கின்றனர். கைகள் பிணைந்துள்ளமையால் அவை தாளமிட இயலாது. தாளம் காலுக்கோ குரலுக்கோ பிறர் இயக்கும் கருவிக்கோ மாறியாக வேண்டும். துணங்கையும் குரவையும் ஒரே சமுதாயத்தில் ஒரே காலத்தில் வழங்கியவை. எனவே, உடலில் தாளம் தங்குவதும் கருவிக்குத் தாளம் பெயர்வதும் காலப் படிநிலைகள் அல்ல. ஆடலின் கைநிலை வேண்டும் இருவேறு தேர்வுகள். சங்க இலக்கிய ஆடல் குறிப்புகளை ஆராய்வோர் ‘எந்தக் கருவி’ என்று கேட்பதற்கு முன் ‘கைகள் என்ன செய்கின்றன’ என்று கேட்டல் பயன் தரும்.

பாடல் உரிமை

இரு மரபுகளுக்கும் இடையே ஆழ்ந்த வேறுபாடு பாடல் யாருடையது என்பதில் உள்ளது. பேரந்தமானியரிடம் வழிவழி வந்த பாடல்கள் இல்லை என்பது ராட்கிளிஃப்-பிரவுன் தரும் செய்தி. ஒவ்வோர் ஆடவனும் தன் பாடலைத் தானே இயற்றினான். படகு குடையும்போதோ வில் செதுக்கும்போதோ துடுப்புப் போடும்போதோ அதனை மெல்லப் பாடிப் பாடிச் செப்பம் செய்து, அடுத்த ஆடலில் பலகையின்மீது நின்று அரங்கேற்றினான். பல்லவியைப் பெண்களுக்கு முன்னரே கற்பித்தான். பிறன் இயற்றிய பாடலை ஆடற்களத்தில் எவனும் பாடுவதில்லை. வேட்டையும் ஆமை பிடித்தலும் படகு செய்தலும் பாடுபொருள்களாயின.

ராஞ்சி மக்களின் பாடல்களோ ஊரின் பொதுவுடைமை. இயற்றியவர் பெயர் பெரும்பாலும் அறியப்படாதது. பருவமும் விழாவும்தான் பாடலை அடையாளப்படுத்துகின்றன. ஒராவோன் பாடல்களை டபிள்யூ.ஜி.ஆர்ச்சர் தொகுத்து 1940இல் நூலாக வெளியிட இயன்றதும் அவை பொதுச் சொத்தாக வழங்கியமையாலேயே.

இவ்வேறுபாட்டின் வரலாற்று விளைவு பெரிது. பல ஊர்களிலிருந்து, வெவ்வேறு மொழி பேசுவோராய், கூலிக்குத் திரட்டப்பட்டவர்கள் கப்பலேறியபோது பாடலும் முழக்கும் அவர்களுடன் சென்றன. ஒருவர் மறந்ததை மற்றொருவர் நினைவில் வைத்திருக்க முடிந்தது. முழவையும் புதிய நிலத்தில் புதிய களத்தில் மீண்டும் முழக்க முடிந்தது. பேரந்தமானியர் மரபில் ஒருவர் இறந்தால் அவர் பாடலும் களத்தை விட்டு நீங்கியது. நலமாக வாழும் சமுதாயத்தில் இது குறையன்று. புதிய பாடல்கள் ஓயாது பிறந்துகொண்டிருக்கும் செழுமையின் அடையாளமேயாகும். ஆனால், நோய் மக்களை வாரிச் சென்றபோது பாடுவோரோடு பாடலும் மறைந்தது. மரபு அழிந்ததற்குக் காரணம் அதன் அமைப்பு அன்று, மக்கள் அழிந்தமையே. அமைப்பு, அவ்வழிவை ஈடுசெய்ய இடமில்லாமற் செய்தது.

இரு மரபுகளையும் ஒரே மரம் இணைக்கிறது என்பதும் இங்கு எண்ணத்தக்கது. தாளப்பலகைக்குரிய படாக்கு மரமே அந்தமான் காடுகளின் விலைமதிப்புள்ள வணிக மரமாகவும் இருந்தது. சாத்தம் தீவின் அரசு மர அறுவை ஆலை 1883இல் தொடங்கப்பட்டது. அத்தகைய மரங்களை வெட்டுவதற்கென்றே ராஞ்சித் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். ஒரு மக்களின் இசைக்கருவியாக இருந்த மரம், மற்றொரு மக்களின் கூலியுழைப்பாக மாறியது.

களமும் காட்சியும்

ஆடலை அதன் களத்திலிருந்து பிரித்தால் என்ன நிகழும் என்பதற்கும் இப்பகுதியே சான்றாகிறது. தென் அந்தமானிலிருந்து பாராடாங் செல்லும் நெடுஞ்சாலை ஜாரவா மக்களின் காப்புக்காட்டின் ஊடே செல்கிறது. இச்சாலையை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002இல் ஆணையிட்டும் போக்குவரத்து நீடித்தது. உணவு தருவதாகக் கூறி ஜாரவாப் பெண்களை ஆடச் செய்த ஒளிப்படக் காட்சி 2012 ஜனவரியில் வெளியாகி உலகெங்கும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. பாட்டும் களமும் உடன் ஆடுவோரும் இல்லாமல் அசைவை மட்டும் பிறர் வேண்டிப் பெறும்போது அது ஆடலாகாது. இரத்தலின் வேறு வடிவமே ஆகும்.

ஆவணங்களும் ஆடலைப் போலவே சிலரைக் காட்டிச் சிலரை மறைக்கின்றன. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கான 1959ஆம் ஆண்டு அட்டவணைப் பழங்குடிகள் ஆணையில் அந்தமானியர் என்ற தலைப்பின்கீழ்ப் போஜிகியாப் என்ற பெயரும் இடம்பெற்றுள்ளது. பாராடாங் காடுகளில் தாளப்பலகை ஒலித்த குழுவின் பெயர் அது. அப்பெயர் உள்ளது, அக்குழுவின் ஆடலோ மொழியோ இன்று வழக்கில் இல்லை. ஒராவோன், முண்டா, கரியா மக்கள் ஜார்க்கண்டில் அட்டவணைப் பழங்குடியினர். தீவுகளுக்கான அப்பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. ஆடல் அற்ற பெயர் ஒருபுறமும், பெயர் பெறாத ஆடல் மறுபுறமுமாக வரலாறு நிற்கிறது.

முடிவுரை

இவ்வொப்பாய்வால் பெறப்படுவன பின்வருமாறு:

1. பாராடாங்கின் இரு ஆடலிசை மரபுகளும் கருவிப் பொருளால் மட்டுமன்றி, தாளம் தங்கும் உடலுறுப்பாலும் வேறுபடுகின்றன. தாளப்பலகையில் தாளம் காலிலும், மாந்தர் முழவில் கையிலும் தங்குகிறது.

2. இவ்வேறுபாடு வளர்ச்சிப் படிநிலையைக் காட்டுவதன்று. துணங்கையும் குரவையும் ஒருங்கே வழங்கிய தமிழ்ச் சான்று இதனை உறுதிப்படுத்துகிறது.

3. மூன்று மொழிக் குடும்பத்தாரும் ஒரே முழவைப் பகிர்தலால், மொழியுறவிலிருந்து ஆடலுறவை நேரடியாகப் பெறுதல் கூடாது.

4. பாடல் தனியுரிமையாகவோ பொதுவுடைமையாகவோ இருத்தல், இடப்பெயர்வின்போதும் பேரழிவின்போதும் ஒரு மரபு எவ்வாறு நிலைபெறும் என்பதைப் பெரிதும் வரையறுக்கிறது.

பேரந்தமானிய மொழிகளுள் ஒன்றான போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். அம்மரபைப் பொறுத்தவரை, போர்ட்மன், ராட்கிளிஃப்-பிரவுன் போன்றோர் எழுதிவைத்த அளவே நமக்கு எஞ்சியது. மாந்தர் மரபுக்கு அந்நிலை இன்னும் நேரவில்லை. பாடுவோரும் முழக்குவோரும் தீவுகளில் வாழ்கின்றனர். தீவுகளில் வழங்கும் குடுக், சாத்ரிப் பாடல்களைச் சொல்லோடு முழக்கையும், முழக்கோடு அடிவைப்பையும் சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். திராவிட மொழியியலை வளர்த்த தமிழ்த் துறைகளுக்கு அப்பணியில் உரிமையும் கடமையும் உண்டு. சொல்லை மட்டும் ஏட்டில் ஏற்றி, கால் எங்கே பதிந்தது, கை எங்கே விழுந்தது என்பதைக் குறிக்கத் தவறினால், அங்கும் பெயர் மட்டுமே எஞ்சும்.